கொச்சி ஆயர் இல்லம்: கோட்டை மாளிகையிலிருந்து ஆயர் உறைவிடம் வரை

கொச்சிக் கோட்டைப் பகுதியில் அணிவகுப்புத் திடலை அடுத்த சிறு மேட்டின்மீது அமைந்துள்ள ஆயர் இல்லம், 1506ஆம் ஆண்டு போர்த்துக்கேய ஆளுநரின் உறைவிடமாகக் கட்டப்பட்டது என்பது வழங்கிவரும் செய்தியாகும். இவ்வாண்டையும் இன்றைய பெயரையும் இணைத்துக் காண்போர், ஐந்து நூற்றாண்டுகளாக அங்கு ஆயர்களே வாழ்ந்தனர் என்று மயங்க இடமுண்டு. கோட்டை நின்ற காலத்தில் இம்மாளிகை ஆட்சியாளருக்குரியது; கோட்டை தகர்ந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே அது ஆயருக்குரியதாயிற்று. முத்துக்குளித்துறையின் சமய வரலாற்றையும் தமிழ் அச்சின் தொடக்கத்தையும் ஆராய்வோர் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொள்ளுதல் வேண்டும்.

கொச்சி மன்னரின் இசைவுடன் 1503இல் போர்த்துக்கேயர் எழுப்பிய முதல் அரண் மரத்தாலானது. கல்லால் மீண்டும் கட்டப்பட்ட கோட்டை, அரசர் மனுவேலின் பெயரைத் தாங்கியது. 1530இல் தலைமையிடம் கோவாவுக்கு மாறும்வரை கொச்சியே போர்த்துக்கேயக் கீழைநாட்டு ஆட்சியின் மையமாக விளங்கியது. ஆளுநர் மாளிகை கோட்டைக்குள் அமைந்ததன் பொருத்தம் இதனால் விளங்கும்.

1557இல் திருத்தந்தை நான்காம் பவுல் கொச்சி மறைமாவட்டத்தை நிறுவினார். தொமினிக்கன் துறவியான ஜோர்ஜ் தெமுதோ அதன் முதல் ஆயரானார். முத்துக்குளித்துறைப் பரதவரும் சோழமண்டலக் கரைக் கிறித்தவரும் இம்மறைமாவட்டத்தின் எல்லைக்குள் வந்தனர். 1606இல் மயிலாப்பூர் மறைமாவட்டம் இதிலிருந்தே பிரிந்தது. அன்றிக் அன்றிக்கஸ் அடிகளின் ‘தம்பிரான் வணக்கம்’ 1578இல் கொல்லத்தில் அச்சேறிய பின், மறு ஆண்டு ‘கிரீசித்தியானி வணக்கம்’ கொச்சியில் இயேசு சபையினரின் கல்லூரியில் அச்சிடப்பட்டது. அந்நூலை இன்றைய ஆயர் இல்லத்தோடு தொடர்புபடுத்துதல் பொருந்தாது. கல்லூரி, ஆயரின் அதிகாரம், ஆளுநரின் மாளிகை ஆகிய மூன்றும் ஒரே நகருக்குள் தனித்தனியே இயங்கியவை.

1663 சனவரியில் டச்சுக்காரர் கொச்சியைக் கைப்பற்றினர். புனித பிரான்சிஸ் ஆலயம் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடமாயிற்று. திருச்சிலுவைப் பேராலயம் கிடங்காயிற்று. ஆயர்கள் நகரைவிட்டு வெளியேறினர். 1795இல் ஆங்கிலேயர் வந்தனர். 1806இல் கோட்டையை வெடிவைத்துத் தகர்த்தனர். 1838இல் மறைமாவட்டமே ஒடுக்கப்பட்டது. 1886இல் போர்த்துக்கல்லுடன் செய்துகொண்ட உடன்படிக்கையின் வழி திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் அதனை மீட்டளித்தார். மீண்ட மறைமாவட்டத்தின் ஆயர் கோமெஸ் ஃபெரெய்ராவின் காலத்திலேயே பழைய ஆளுநர் மாளிகை ஆயர் இல்லமாக மாறியது.

ஆட்சி மாளிகைகள் பயன்பாடு மாறியதால் பிழைத்தமைக்குத் தமிழகத்திலும் சான்றுகள் உண்டு. மதுரைத் திருமலை நாயக்கர் அரண்மனையின் எஞ்சிய பகுதி 1970 வரை மாவட்ட நீதிமன்றமாக இயங்கியது. தமுக்கம் அரண்மனை ஆங்கிலேய அதிகாரிகளின் உறைவிடமாகிப் பின்னர் 1959இல் காந்தி நினைவு அருங்காட்சியகமாயிற்று. எனினும் பயன்பாடு ஒரு கட்டடத்தைக் காப்பதோடு திருத்தவும் செய்கிறது. ஆகவே ஆயர் இல்லத்தின் முகப்பிலுள்ள கோத்திக் வளைவுகளை ஆய்வின்றி 1506ஆம் ஆண்டிற்குரியவை எனக் கொள்ளுதல் துணிபாகாது. அவ்வாண்டை மாளிகையின் தோற்றத்திற்குரியதாக மட்டும் கொள்வதே தகும்.

ஆயர் இல்ல வளாகத்தில் இன்று இந்திய-போர்த்துக்கேய அருங்காட்சியகம் உள்ளது. தகர்க்கப்பட்ட கோட்டையின் சுவர் எச்சம் அதன் நிலவறையில் காணக்கிடைக்கிறது.