எட்டுக்கால் பூச்சி கடித்தால் என்ன செய்வது?

காலையில் எழுந்ததும் கையில் சிவந்த தடிப்பு. "எட்டுக்கால் பூச்சி கடித்திருக்கும்" என்று சுண்ணாம்பைத் தடவிவிட்டு வேலைக்குப் போய்விடுகிறோம். அது சரியா?

நம் நாட்டு வீடுகளில் காணப்படும் சிலந்திகளில் பெரும்பாலானவற்றால் ஆபத்தில்லை. ஆனால், காட்டோரங்களில் மண்வளைகளில் வாழும் உரோமம் அடர்ந்த பெரிய சிலந்தி கடித்தால் கடும் வலி, வீக்கம், தசைப்பிடிப்பு வரலாம்.

சிலந்திக்கடிதானா?

கடித்த இடம் மட்டும் சிவந்து, வலித்து, சில நாள்களில் தணிவதே வழக்கம். கோடு இழுத்ததுபோல் எரிச்சலுடன் கொப்புளம் எழுந்தால், 'சார்லி' வண்டை நசுக்கியதால் பட்ட நச்சாக இருக்கலாம். உடலின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாகக் கொப்புளம் பரவினால் அக்கியாக இருக்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை வேறு.

முதலுதவி

* சோப்புப் போட்டுத் தண்ணீரில் கழுவவும்.
* மோதிரம், வளையலைக் கழற்றவும்.
* ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 10 நிமிடம் ஒத்தடம் கொடுக்கவும்.
* கடித்த கையையோ காலையோ உயர்த்தி வைக்கவும்.
* கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது, சுண்ணாம்பு தடவுவது வேண்டாம்.

மூச்சுத்திணறல், முகவீக்கம், கடும் தசைப்பிடிப்பு இருந்தால் உடனே 999-ஐ அழைக்கவும். சிவப்பு பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ கிளினிக்குக்குச் செல்லவும்.

இனிப்புநீர் உள்ளவர்கள் கவனிக்கவும்: கால் மரத்துப்போயிருந்தால் வலி தெரியாது. சிறு கடியும் ஆறாத புண்ணாகலாம். தினமும் பாதத்தைப் பாருங்கள். பூட்ஸைத் தட்டிவிட்டு அணியுங்கள்.