அலியைக் கடைசியாக வென்றவர்

போன மாதம் பேரன் லீவுக்குக் கிருஷ்ணன்கோவில் வந்திருந்தான். டிவியில் 'சார்பட்டா பரம்பரை' ஓடிக்கொண்டிருந்தது. "தாத்தா, நீங்க மெட்ராஸ்லதான இருந்தீங்க, இதெல்லாம் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டான். "முகமது அலியையே பாத்திருக்கேன்டா" என்றேன். அவன் நம்பவில்லை. அவனுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத நினைவு இன்னொருவரிடம் போய் நின்றுவிட்டது.

1980 தொடக்கம். எனக்கு எழும்பூரில் கிளார்க் வேலை, திருவல்லிக்கேணி மேன்ஷனில் வாசம். நேரு ஸ்டேடியத்தில் அலியின் காட்சிப் போட்டி என்றதும் ரூமில் இருந்த நாலு பேரும் கிளம்பிவிட்டோம். ராயபுரம், காசிமேடு ஆட்கள் குடும்பம் குடும்பமாக வந்திருந்தார்கள். வடசென்னைக்குக் குத்துச்சண்டை என்றால் குலதெய்வக் கொடை மாதிரி. முதல்வர் எம்.ஜி.ஆரும் வந்திருந்தார். அலியோடு மோதியவர் அவருடைய ஊர்க்காரரும் பழைய நண்பருமான முன்னாள் சாம்பியன் ஜிம்மி எல்லிஸ். நிஜச் சண்டை இல்லைதான். எங்களுக்கு அது போதுமாக இருந்தது.

அப்போது அலி ஓய்வு அறிவித்திருந்தார். அதோடு நின்றிருக்கலாம். அதே வருடம் அக்டோபரில் லாரி ஹோம்ஸிடம் திரும்ப வந்து செமத்தியாக அடி வாங்கினார். அப்படியும் நிற்கவில்லை. 1981 டிசம்பர் 11, பஹாமாஸ் தீவில் நசாவ் நகரம். எதிரில் நின்றவர் ஜமைக்காக்காரர் ட்ரெவர் பெர்பிக்.

அந்தப் பெயரை அன்றுதான் பேப்பரில் முதலில் பார்த்தேன். பார்த்ததும் ஒரு வெறுப்பு. அலிக்கு 40 வயது ஆக ஒரு மாதம்தான் பாக்கி, பெர்பிக்குக்கு 27. ஏற்பாடுகள் எல்லாம் படுமோசம். ரவுண்டு மணிக்குப் பதிலாக மாட்டுக் கழுத்து மணியை அடித்தார்கள் என்றால் பாருங்கள், நம்ம ஊர் கபடிப் போட்டியில்கூட விசில் சரியாக இருக்கும். பத்து ரவுண்டு முடிவில் மூன்று நடுவர்களும் பெர்பிக் பக்கம். அலி அதன்பிறகு மேடை ஏறவே இல்லை.

கிழவரை அடித்த இளைஞன் என்று பல வருடம் பெர்பிக்கை மனதில் திட்டிக்கொண்டிருந்தேன். அவர் கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். போர்ட் அந்தோனியோ பக்கத்துப் பையன். அமெச்சூராகப் பத்துப் பன்னிரண்டு சண்டைதான் போட்டிருந்தார். அந்த அனுபவத்தோடு 1976 மான்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஜமைக்காவுக்காக இறங்கி, முதல் சண்டையிலேயே ருமேனியாக்காரரிடம் தோற்றார். அப்புறம் கனடாவிலேயே தங்கித் தொழில்முறை வீரரானார். 1980 ஜூனில் முன்னாள் சாம்பியன் ஜான் டேட்டை நாக் அவுட் செய்தார். 1981 ஏப்ரலில் ஹோம்ஸோடு 15 ரவுண்டும் தாக்குப்பிடித்துப் புள்ளிகளில் தோற்றார். அலியை முடித்த அதே ஹோம்ஸோடு! ஆக, பெர்பிக் சும்மா கூட்டி வந்து நிறுத்திய ஆள் இல்லை.

1986 மார்ச் 22-ல் பிங்க்லன் தாமஸைத் தோற்கடித்து உலக ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார். யாரும் எதிர்பார்க்கவில்லை. அந்தப் பட்டம் சரியாக எட்டு மாதம் இருந்தது. நவம்பர் 22, லாஸ் வேகாஸ், எதிரில் 20 வயது மைக் டைசன். சண்டைக்கு முன் அலியும் மேடைக்கு வந்து டைசனைப் பார்த்துப் பேசினார். இரண்டாவது ரவுண்டிலேயே முடிந்தது. நம்ம அலிக்காகப் பழிவாங்கியாச்சு என்று நானும்தான் சந்தோஷப்பட்டேன்.

அதற்கப்புறம் சரிவுதான். 1992-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பாகிச் சிறைக்குப் போனார். அந்தக் குற்றத்துக்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. ஆனால் வெளியே வந்து 1999-ல், 45 வயதில், கனடா ஹெவிவெயிட் பட்டத்தைத் திரும்ப வென்றார் என்று படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அலி செய்ததையே இவரும் செய்திருக்கிறார்! அடுத்த வருடம் மருத்துவப் பரிசோதனையில் மூளையில் ரத்தக்கட்டு தெரிந்து, லைசென்ஸ் போனது. ரிட்டயர் ஆன புதிதில் நான்கூட ஆறு மாதம் பழைய ஆபீஸ் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். போகாதே என்று யாரும் சொல்லவில்லை, உட்கார நாற்காலியும் போடவில்லை.

2002-ல் கனடா அவரை ஜமைக்காவுக்கு நாடு கடத்தியது. 2006 அக்டோபர் 28 அன்று, சொந்த ஊர்ப் பக்கம் ஒரு தேவாலய வளாகத்தில் தலையில் பலத்த காயத்தோடு இறந்து கிடந்தார். அவருடைய உறவுக்கார இளைஞன் ஒருவனும் கூட்டாளியும் தண்டனை பெற்றார்கள். ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டில் வாங்கிய பேப்பரில் அந்தச் செய்தி ஒரு மூலையில் இருந்தது. 'அலியை வென்றவர்' என்றுதான் போட்டிருந்தார்கள்.

பேரன் போனில் நசாவ் சண்டையை எடுத்துக் கொடுத்தான். மூன்று ரவுண்டுக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. டைசன் சண்டையை அவன் மட்டும் திண்ணையில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்துவிட்டு உள்ளே வந்து, "தாத்தா, ஒரே அடிதான். விழுந்து விழுந்து எந்திரிக்கப் பாக்குறாரே அவரு" என்றான்.