பங்குக்கோவில் ஏட்டில் ஒரு கவிஞரின் குடி

இங்கிலாந்தில் ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடிப் புறப்படுவோர் இறுதியில் வந்து சேரும் இடம் பெரும்பாலும் ஊர்ப் பங்குக்கோவிலின் பதிவேடே ஆகும். எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் 1538ஆம் ஆண்டு ஓர் ஆணை பிறப்பித்தார். பங்கில் நிகழும் ஞானஸ்நானம், திருமணம், நல்லடக்கம் ஆகிய மூன்றையும் குருவானவர் வாரந்தோறும் ஏட்டில் எழுதிவைத்தல் வேண்டும்; அவ்வேட்டை இரண்டு பூட்டுகள் உடைய பெட்டியில் காத்தல் வேண்டும்; தவறினால் மூன்று ஷில்லிங் நான்கு பென்ஸ் தண்டம் என்பது அவ்வாணை. புதிய வரி விதிப்பதற்கான சூழ்ச்சியோ இது என மக்கள் அஞ்சினர். எனினும் ஏடுகள் எழுந்தன. 1837ஆம் ஆண்டு அரசே பிறப்பையும் இறப்பையும் பதியத் தொடங்கும்வரை, ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள், எளிய குடிகளின் வரலாறு இவ்வேடுகளில்தான் தங்கியிருந்தது.

இவ்வேடுகளின் இயல்பை அறிய ஒரு குடும்பத்தைச் சான்றாகக் கொள்ளலாம். ஸ்ட்ராட்போர்டு நகரின் பரிசுத்த திரித்துவ ஆலய ஏட்டில் இடம்பெற்ற ஷேக்ஸ்பியர் குடும்பமே அது.

தொடக்க கால ஏடுகள் காகிதத்தால் ஆனவை, எளிதில் சிதைந்தன. ஆதலால் அவற்றைத் தோல்தாளில் படியெடுக்க வேண்டும் என்றும், குறிப்பாக எலிசபெத் அரசி அரியணை ஏறிய 1558 முதலான பதிவுகளைப் பேண வேண்டும் என்றும் 1598ஆம் ஆண்டு விதி செய்யப்பட்டது. ஸ்ட்ராட்போர்டு ஏடும் 1558இல்தான் தொடங்குகிறது. 1600ஆம் ஆண்டுவரையிலான பதிவுகள் ஒரே கையெழுத்தில் அமைந்தவை. எனவே இன்று அங்கே காணப்படும் கவிஞரின் ஞானஸ்நானப் பதிவும் மூலமன்று, படியே ஆகும்.

கவிஞரின் தந்தை ஜான், தாய் மேரி ஆர்டன். இவர்கள் மணம் புரிந்தது 1557ஆம் ஆண்டளவில் என்பர். அதற்குரிய பதிவு ஏதும் கிடைக்கவில்லை. முதற்குழந்தை ஜோன் 1558 செப்டம்பர் 15 அன்று ஞானஸ்நானம் பெற்றாள். அடுத்தவள் மார்கரெட் 1562 டிசம்பர் 2 அன்று ஞானஸ்நானம் பெற்று, 1563 ஏப்ரல் 30 அன்று அடக்கம் செய்யப்பட்டாள். வில்லியமின் பெயர் 1564 ஏப்ரல் 26 அன்று இலத்தீன் மொழியில் பதிவாகியுள்ளது. ஏப்ரல் 23 அவர் பிறந்த நாள் என உலகம் கொண்டாடுவது மரபேயன்றி ஏட்டின் கூற்றன்று. ஏடு அறிந்தது ஞானஸ்நானத்தை மட்டுமே.

அவ்வாண்டு ஜூலை 11 அன்று, நெசவுப் பயிலுநன் ஒருவனின் அடக்கப் பதிவின் அருகே, கொள்ளைநோய் இங்குத் தொடங்கிற்று என்னும் பொருள்பட ஓர் இலத்தீன் குறிப்பு காணப்படுகிறது. ஆண்டு முடிவதற்குள் இருநூறுக்கும் மேற்பட்டோர் அடக்கம் செய்யப்பட்டனர். அப்போது வில்லியம் மூன்று மாதம் நிரம்பாத குழந்தை. ஏட்டில் நீளும் அப்பெயர் வரிசையில் அக்குழந்தையின் பெயர் சேர்ந்திருந்தால் ஆங்கில இலக்கியத்தின் கதை வேறாகியிருக்கும்.

ஏட்டைப் படிப்போர் எழுதப்பட்டதை மட்டுமன்றி எழுதப்படாததையும் கருத வேண்டும். முதற்குழந்தை ஜோனின் அடக்கப் பதிவு கிடைக்கவில்லை. ஆனால் 1569 ஏப்ரல் 15 அன்று அதே பெற்றோரின் மற்றொரு மகளுக்கு அதே ஜோன் என்னும் பெயர் இடப்பட்டது. இறந்த குழந்தையின் பெயரைப் பின்வரும் குழந்தைக்குச் சூட்டுவது அக்கால வழக்கம். எனவே மூத்தவள் அதற்குள் மறைந்துவிட்டாள் என ஆய்வாளர் கொள்வர். ஒரு சிறுமியின் சாவை அவள் தங்கையின் பெயரே அறிவிக்கிறது.

ஆண்டுக் கணக்கிலும் கருத்துத் தேவை. அந்நாளில் புத்தாண்டு மார்ச் 25 அன்று பிறந்தது. 1752இல்தான் அது ஜனவரிக்கு மாறியது. ஆகவே கவிஞரின் இரட்டைக் குழந்தைகளான ஹாம்னெட், ஜூடித் ஆகியோரின் ஞானஸ்நானம் ஏட்டில் 1584 பிப்ரவரி 2 என்றிருப்பினும், இன்றைய கணக்கில் அது 1585 ஆகும்.

அந்த ஹாம்னெட்டே கவிஞரின் ஒரே மகன். 1596 ஆகஸ்ட் 11 அன்று அவன் அடக்கம் செய்யப்பட்டான். வயது பதினொன்று. எந்நோயால் இறந்தான், தந்தை அருகிலிருந்தாரா என்பவற்றை ஏடு உரைக்கவில்லை. அவர் எழுதிய துன்பியல் நாடகங்களில் இத்துயரத்தைத் தேடுவோர் பலர். அத்தேடல் இயல்பானதே, ஆயினும் அதற்கு ஏடு சான்று தராது. இரண்டு மாதம் கழித்து, அக்டோபர் 20 அன்று, தந்தை ஜானுக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குலச்சின்னம் வழங்கப்பட்டது. பரம்பரைக்கென்று பெருமை வந்து சேர்ந்தபோது, கவிஞரின் பெயரைத் தொடர வேண்டிய சிறுவன் மண்ணில் இருந்தான்.

கவிஞரின் இளைய தம்பி எட்மண்ட் 1607 டிசம்பர் 31 அன்று லண்டனின் சவுத்வார்க் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டார். அப்பங்கின் ஏடு அவரை நடிகர் எனக் குறிக்கிறது. அடக்கத்தின்போது முற்பகலில் பெரிய மணி ஒலிக்க இருபது ஷில்லிங் செலுத்தப்பட்டது. கவிஞரோ 1616 ஏப்ரல் 25 அன்று ஸ்ட்ராட்போர்டில் அடக்கமானார். அவர் பெயரை அடுத்து ஏட்டில் உள்ளது கனவான் என்னும் தகுதிச்சொல் மட்டுமே. நடிகர் என்றோ கவிஞர் என்றோ ஒரு சொல்லும் இல்லை. குலச்சின்னம் தந்த தகுதியையே குருவின் எழுதுகோல் அறிந்திருந்தது.

அவ்வாண்டு நவம்பர் 23 அன்று மகள் ஜூடித் தம் முதல் மகனுக்கு ஷேக்ஸ்பியர் என்றே பெயரிட்டார். குடும்பப் பெயரைத் தொடர மகன் இல்லாத நிலையில், பேரனுக்கு அது இயற்பெயர் ஆயிற்று. ஆறு மாதத்திற்குள், 1617 மே 8 அன்று, அக்குழந்தை அடக்கம் செய்யப்பட்டது. எஞ்சிய இரு புதல்வரும், பத்தொன்பது வயதுத் தாமஸும் இருபத்தொரு வயது ரிச்சர்டும், 1639ஆம் ஆண்டு ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் அடுத்தடுத்து மாண்டனர். ஜூடித் தாமே 1662வரை உயிர் வாழ்ந்தார். மூத்த மகள் சூசன்னாவின் ஒரே மகள் எலிசபெத் இருமுறை மணந்தும் மகப்பேறின்றி, 1670 பிப்ரவரி 17 அன்று நார்தாம்ப்டன் அருகே ஆபிங்டனில் அடக்கமானார். அத்துடன் கவிஞரின் நேர்வழி அற்றது.

ஆயினும் குடி முழுவதும் அற்றுவிடவில்லை. தங்கை ஜோன், தொப்பி செய்யும் வில்லியம் ஹார்ட் என்பவரை மணந்திருந்தார். கணவரின் அடக்கம் 1616 ஏப்ரல் 17. அண்ணனின் அடக்கம் அதற்கு எட்டு நாள் கழித்து. ஒரே ஏட்டின் அடுத்தடுத்த வரிகளில் அவர்தம் துயரங்கள் இரண்டும் அடங்கியுள்ளன. அண்ணன் தம் விருப்ப ஆவணத்தில், தந்தை வாழ்ந்த வீட்டில் ஆண்டுக்குப் பன்னிரண்டு பென்ஸ் வாடகைக்குத் தங்கை ஆயுள்வரை குடியிருக்க வழி செய்திருந்தார். ஜோன் 1646வரை வாழ்ந்தார். ஹார்ட் குடும்பத்தார் அவ்வீட்டை 1806இல்தான் விற்றனர். ஜோனின் வழிவந்தோர் இன்றும் உள்ளனர்.

குலச்சின்னம் பெற்ற பெயர் கவிஞரின் பேரக் குழந்தையோடு நின்றது. பதிவின்றி மறைந்த ஒரு சிறுமியின் பெயரைச் சுமந்த தங்கையின் வழியே குடி தழைத்தது. இவ்வுண்மையை எந்தக் காவியமும் பாடவில்லை. இன்னாருக்கு இன்னார் மகள் என்று சொல்லி நிற்கும் பங்குக்கோவில் ஏட்டின் ஒற்றை வரிகளே அதனை இன்றளவும் காத்து வருகின்றன.