சவேரியாருக்கு முன்பே கூடிய கடற்கரை

சமூகப்பணி வகுப்புகளில் சமுதாய அமைப்பாக்கம் என்றால், 1968இல் ஜாக் ராத்மன் வகுத்த மூன்று வழிகளைச் சொல்வார்கள்: ஊரார் கூடி ஊரை வளர்ப்பது, வல்லுநர் திட்டமிடுவது, உரிமைக்காக அதிகாரத்தோடு மோதுவது. மூன்றிலும் அமைப்பாளருக்குப் பெரிய இடம் உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரை ஊரான மணப்பாட்டின் கதையையும் அப்படித்தான் சொல்லிப் பழகிவிட்டோம்: 1542இல் கத்தோலிக்கக் குருவான சவேரியார் வந்தார், சிதறிக் கிடந்த கடலோடிகளான பரதவரை ஒன்றாக்கினார் என்று. ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் இது நிற்காது. முத்துக்குளிப்பை ஒட்டி முஸ்லிம்களோடு மூண்ட மோதல் முற்றியபோதே, ஊர்த்தலைவர்களான பட்டங்கட்டிகள் குதிரை வணிகர் ஜோவாம் த குரூஸின் யோசனைப்படி கொச்சிக்குத் தூது போய்ப் போர்த்துக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். 1536-37இல் இக்கரையின் ஊர்கள் ஞானஸ்நானம் பெற்றன. சவேரியார் வந்தது அதற்கும் ஐந்தாண்டு கழித்து.

அவர் செய்தது சிறிய வேலை அல்ல. ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை நியமித்தார். செபம் சொல்லிக்கொடுப்பதும் திருமணங்களைக் கவனிப்பதும் அவர்கள் பொறுப்பு. அவர்களுக்கான சம்பளத்தை, போர்த்துக்கல் அரசியின் காலணிச் செலவுக்கென இக்கரையில் ஒதுக்கியிருந்த பணத்திலிருந்து பெற்றார். 1544இல் தெலுங்கரான வடுகர் படைக்கு அஞ்சிக் குமரிமுனைப் பாறைகளில் ஒதுங்கியவர்களுக்கு உதவ மணப்பாட்டிலிருந்து தோணிகளோடு புறப்பட்டார். கட்டளையிட்டதும் தோணிகள் திரண்டன என்றால், திரட்டும் பழக்கம் அந்த ஊர்களில் முன்பே இருந்தது என்றுதான் பொருள்.

எல்லாம் போர்த்துக்கீசியத் துப்பாக்கியின் பலம்தானே என்று கேட்கலாம். துப்பாக்கி மட்டும் தாங்கியிருந்தால், 1658இல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்ததும் எல்லாம் கலைந்திருக்கும். கலையவில்லை. முத்துக்குளிப்பு டச்சுக்காரர் கைக்குப் போயிற்று. ஆனால் அவர்களுடைய புராட்டஸ்டண்டுச் சீர்திருத்தச் சபைக்குப் பரதவர் போகவில்லை. சாதித்தலைவனையும் பட்டங்கட்டிகளையும் வைத்துத்தான் டச்சுக்காரரும் காரியம் பார்க்க வேண்டியிருந்தது.

இன்னொரு கேள்வி கனமானது: கூடியவர்கள் யார்? தலைவர்கள். மூச்சடக்கி மூழ்கியவனுக்கும் கரையில் காத்திருந்த பெண்ணுக்கும் அந்தக் கூட்டத்தில் இடம் இருந்ததாகத் தெரியவில்லை. மேசைக்காரர், கமாரக்காரர் என்று பிற்காலத்தில் மேல்கீழாகப் பிளந்ததும் இதே சமூகம்தான். ஆகவே பழைய அமைப்பை அப்படியே போற்றவும் முடியாது; இல்லை என்று பாவிக்கவும் கூடாது. கடற்கரை ஊருக்குப் பணிசெய்யப் போகும் இளைஞர்களே, புதிய சங்கத்துக்குப் பெயர் யோசிக்கும் முன், அங்கே ஊர்க்கூட்டத்தை யார் கூட்டுகிறார், அதில் யார் பேசுவதில்லை என்று விசாரியுங்கள்.