நினைவை அளந்த அறை

நம் மனநலத் துறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அந்த அறையைக் காட்டும்போது முகத்தில் ஏமாற்றம் தெரியும். ஒரு மேசை, எதிரெதிரே இரண்டு நாற்காலி, ஒரு ஸ்டாப்வாட்ச், சீவி வைத்த பென்சில்கள், பீரோ நிறையப் பழைய பதிவுத் தாள்கள். அவ்வளவுதான். ஆனால் வண்டியிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர், மின் அதிர்வு சிகிச்சைக்குப் பிறகு எல்லாம் மறந்துபோகிறது என்பவர், "அப்பாவுக்கு இது வயசு மறதியா, வியாதியா?" என்று கேட்கும் மகனோடு வரும் முதியவர் எல்லாரும் இந்த மேசைக்குத்தான் வந்து சேர்கிறார்கள். இந்த மலருக்காகத் துறையின் வரலாற்றை எழுதச் சொன்னபோது, இந்த மேசைக்கு வந்துசேர்ந்த அளவுகோல்களின் கதையைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

அது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் தொடங்குகிறது. ருமேனியாவில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த டேவிட் வெக்ஸ்லர் அங்கே தலைமை உளவியலாளர். மருத்துவர்கள் அதற்கு முன்பும் நினைவைச் சோதித்துத்தான் வந்தார்கள். அவரவருக்குத் தோன்றிய கேள்வியை அவரவர் கேட்டார்கள். 1945இல் வெக்ஸ்லர் வெளியிட்ட அளவுகோல் ஏழு பகுதிகளில் எல்லாருக்கும் ஒரே கேள்வியை, ஒரே முறையில் வைத்தது. எண் வரிசையைத் திருப்பிச் சொல்ல வேண்டும், கேட்ட சிறு கதையைச் சொல்ல வேண்டும், பார்த்த உருவத்தை மறைத்தபின் வரைய வேண்டும், சொல் இணைகளைக் கற்க வேண்டும். கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். வயதுக்குத் தக்கபடி திருத்தி, 'நினைவு ஈவு' என்று ஒரே எண்ணாகத் தந்துவிடும்.

அந்த எண்ணின் பலம் பத்தே ஆண்டுகளில் தெரிந்தது. வலிப்பு நோய்க்காக 1953இல் மூளையின் இரு பக்கத்திலும் ஹிப்போகேம்பஸ் உள்ளிட்ட பகுதி அகற்றப்பட்ட, எச்.எம். என்று உலகம் அறிந்த நோயாளியை 1955இல் பிரெண்டா மில்னர் சோதித்தார். நுண்ணறிவு ஈவு 112. நினைவு ஈவு 67. இரண்டுக்கும் சராசரி 100 என்பதை மனத்தில் வைத்துப் பார்த்தால் அந்த இடைவெளியின் கொடுமை புரியும். புத்தி சற்றும் மழுங்காமல் நினைவு மட்டும் உடையலாம் என்பதை மருத்துவம் அந்த இரண்டு எண்களில் படித்தது.

குறைகளும் இருந்தன. கேட்ட கதையை அப்போதே சொல்லச் சொன்னார்கள். சற்று நேரம் கழித்துக் கேட்கவில்லை. கேட்ட மாத்திரத்தில் ஓரளவு ஒப்பித்துவிட்டு அரை மணியில் அடியோடு இழப்பவர் இதில் தப்பிவிடுவார். 1975இல் எல்பர்ட் ரஸ்ஸல் அரை மணி இடைவெளியைச் சேர்த்தார். 1987 திருத்தப் பதிப்பிலும் தாமத நினைவு இடம்பெற்றது. இரண்டாவது குறைதான் என்னை இன்றும் உறுத்துவது. ஒப்பீட்டுக்கு வைத்தவர்கள் 25 முதல் 50 வயது வரையான சுமார் 200 பேர், எல்லாரும் அமெரிக்கர்கள். அவர்களை வைத்து நம் ஊர் விவசாயியை அளப்பது எப்படி நியாயமாகும்?

இந்தக் கேள்விக்கு நம் நாட்டில் விடை தேடியவர்களில் முக்கியமானவர்கள் சண்டிகர் பி.ஜி.ஐ. மனநலத் துறையின் துவாரகா பெர்ஷாத்தும் என்.என். விக்கும். 1977இல் வந்த அவர்களுடைய 'பி.ஜி.ஐ. நினைவு அளவுகோல்' பத்துப் பகுதி கொண்டது. பழைய நினைவு, அண்மை நினைவு, உடனடி நினைவு, தாமத நினைவு எல்லாம் தனித்தனியே அளக்கப்படும். அடுத்த பெரிய அடி பெங்களூரு நிம்ஹான்ஸில். ஷோபினி ராவும் உடன் பணியாற்றியவர்களும் 2004இல் வெளியிட்ட நரம்பு உளவியல் சோதனைத் தொகுப்புக்கு 540 பேரிடம் அளவெடுத்தார்கள். வயது, பால், கல்வி என்று பிரித்து, கல்வியில் எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கென்றே தனி வரிசை வைத்தார்கள். கைநாட்டு வைக்கும் ஒருவரை அவரைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க அந்த அட்டவணைதான் வழிசெய்தது. நான் பெரிதும் மதிக்கும் பக்கம் அது.

தமிழுக்கு வரும்போது வேறு சிக்கல்கள். ஆங்கிலத்தில் ஒன்று முதல் ஒன்பது வரை 'செவன்' தவிர எல்லாமே ஓரசை. நம் பேச்சில் ஒண்ணு, ரெண்டு, மூணு என்று எதுவும் இரண்டு அசைக்குக் குறையாது. சொல் நீண்டால் மனத்தில் நிற்கும் எண்ணிக்கை குறையும். ஆங்கில எண் வரிசை அளவை அப்படியே நம்மவர் மீது வைத்தால் பாதகம். சொல் இணைகளிலும் கண்ணி உண்டு. 'நகை நட்டு', 'காடு கழனி' மாதிரி மொழியே சேர்த்து வைத்திருக்கும் ஜோடிகளைச் சோதனையில் வைத்தால் பதில் நினைவிலிருந்து வருகிறதா, பழக்கத்திலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியாது.

எல்லாவற்றிலும் பெரிது எழுத்துத் தமிழ். பள்ளிப் பக்கமே போகாத எழுபது வயதுப் பாட்டி ஒருவரை மகன் அழைத்து வந்தார். கணவர் இறந்தபின் எதுவும் நினைவில் நிற்பதில்லையாம். தாளில் இருந்தபடியே கதையை வாசித்தேன். 'பேருந்தில் பயணம் செய்த பெண்மணி ஒருவர் தமது பணப்பையைத் தவறவிட்டார்' என்கிற நடை. முடித்துவிட்டு, "இப்போ கதையைச் சொல்லுங்க பாட்டி" என்றேன். சிரித்தார். "ரேடியோவுல நியூஸ் படிக்கிற மாதிரியே நல்லா வாசிக்கிறீங்க கண்ணு" என்றார். கதையில் ஒரு வரிகூட அவரிடம் வந்து சேரவில்லை. விதிப்படி மதிப்பெண் பூஜ்யம்.

தாளை மூடி வைத்தேன். "பஸ்ஸுல போன ஒரு பொம்பள பணப்பையத் தொலைச்சுட்டா பாட்டி" என்று தொடங்கி அதே கதையைப் பேச்சில் சொன்னேன். பையிலிருந்த தொகை முதற்கொண்டு திருப்பிச் சொன்னார். அரை மணி கழித்துக் கேட்டபோதும் பெரும்பகுதி அப்படியே இருந்தது. ஆனால் சொற்களை மாற்றிய கணமே அட்டவணை எனக்குப் பயன்படாமல் போயிற்று. அந்த மதிப்பெண்ணை எதனோடும் ஒப்பிட எனக்கு உரிமை இல்லை. 'பேச்சுத் தமிழில் சொல்லப்பட்டது, தர அளவோடு ஒப்பிட இயலாது' என்று அறிக்கையில் எழுதி, துக்கத்தையும் மனச்சோர்வையும் முதலில் பார்க்கும்படி மருத்துவருக்குக் குறிப்பு வைத்தேன். பேச்சுத் தமிழிலேயே சொல்லி, நம் மக்களிடமே அளவெடுத்த ஒரு கதை இந்த மேசைக்கு வந்தாக வேண்டும் என்று அன்றிலிருந்து துறைக் கூட்டங்களில் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

ஆறு மாதம் கழித்துப் பாட்டி மறுபடியும் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டவர், நான் தாளை எடுக்கும் முன்பே கேட்டார்: "ஏன் கண்ணு, அந்தப் பணப்பையத் தொலைச்சாளே, அவளுக்குக் காசு கெடச்சுதா இல்லையா?"