நாகர்கோவிலில் இருந்து ஒரு ட்ரங்க் கால்

1956 நவம்பர் 1ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதுவரை நாகர்கோவிலில் இருந்து 65 கிலோமீட்டர் தொலைவில் திருவனந்தபுரத்தில் இருந்த தலைநகரம் ஒரே நாளில் ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தள்ளிப்போனது. மாவட்டத்துக்குள் முதல் ரயில் வந்ததோ 1979இல். கோட்டையில் ஒரு ஃபைல் நகர வேண்டும், சென்னை மொத்த வியாபாரியிடம் தேங்காய் விலை கேட்க வேண்டும் என்றால் கடிதம் போதாது. தந்தியில் பதிலுக்குப் பதில் பேச முடியாது. மிஞ்சியது, ஆபரேட்டர் வழியாக வெளியூருக்குப் பேசும் ட்ரங்க் கால்தான்.

அது பேசுவதற்கு முன் காத்திருக்கும் வேலை. 180ஐச் சுழற்றி, எந்த ஊர், என்ன நம்பர் என்று சொன்னால், ஆபரேட்டர் ஒரு டிக்கெட்டில் எழுதிக்கொள்வார். புக் செய்த நேரமும் அதில் ஏறும். பிறகு ரிசீவரை வைத்துவிட்டுப் போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். சில சமயம் அரைமணி, பல சமயம் அரைநாள். பொறுமை போனால் 181இல் கூப்பிட்டு, "நம்ம கால் என்னாச்சு?" என்று கேட்கலாம். அவசரக்காரர்களுக்கு 'அர்ஜன்ட்' இருந்தது, கட்டணம் இரட்டிப்பு. அதற்கும் மேலே 'லைட்னிங்', எட்டு மடங்கு. மறுமுனையில் இன்னார்தான் வந்து பேச வேண்டும் என்றால் பி.பி. கால். லைன் கிடைத்துப் பேசத் தொடங்கினால் மூன்று நிமிடம். முடிந்ததும் ஆபரேட்டரின் குரல் நடுவே வந்து நேரமாகிவிட்டது என்று சொல்லும்.

அந்தக் குரலுக்கு உரியவரின் முன்னால் இருந்த சுவிட்ச்போர்டு பலகையில் வரிசை வரிசையாக ஜாக் துளைகள் இருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன விளக்கு. காதில் ஹெட்செட், ஒரு கையில் இணைப்பு வயர், மறுகையில் பென்சில். விளக்கு எரிந்தால் வயரைச் செருகிப் பேச வேண்டும், பேசியபடியே எழுத வேண்டும். டிக்கெட்டுகள் புக் செய்த நேரப்படி அடுக்கியிருக்கும். ஒரு 'அர்ஜன்ட்' வந்தால் அது மேலே போகும், ஏற்கெனவே காத்திருந்தவர் ஒரு படி கீழே இறங்குவார். ஆபரேட்டர்களின் முதுகுக்குப் பின்னால் நடந்தபடி இதையெல்லாம் கவனிக்கத் தனியாக ஒருவர் உண்டு. மானிட்டர் என்றே அந்தப் பதவிக்குப் பெயர். எந்த லைனில் தேங்குகிறது, எந்த டிக்கெட் வெகுநேரமாகக் கிடக்கிறது என்று பார்த்து ஆளை மாற்றி உட்கார வைப்பது அவர் பொறுப்பு. தொலைபேசியின் வரலாற்றை எழுதியவர்கள் கருவிகளைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினார்கள். இந்த மனிதர்களுக்கு அதில் உரிய இடம் கிடைக்கவில்லை.

இந்தக் காத்திருப்புக்கு ஒரு கணக்கு உண்டு. கோபன்ஹேகன் டெலிபோன் கம்பெனியில் வேலை பார்த்த எர்லாங் என்ற டேனிஷ் கணிதர் 1909இல் அதைத் தொடங்கி, 1917இல் சூத்திரங்களாகவே வெளியிட்டார். ஒரே ஒரு லைன், கால் ஒவ்வொன்றும் மூன்று நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 20 கால் கொள்ளும். சராசரியாக 16 பேர் புக் செய்தால் ஒருவர் காத்திருப்பது சுமார் ஆறு நிமிடம். 18 பேரானால் பதின்மூன்றரை. 19 ஆனால் இருபத்தெட்டரை. ஒரே ஒருவர் கூடியதற்கு சராசரிக் காத்திருப்பு இரண்டு மடங்காகிறது. ஓணத்துக்குத் தோவாளைப் பூ கேரளத்துக்குப் போகிற நாட்களில், வியாபாரிகள் எல்லோரும் ஒரே காலை வேளையில் லைன் கேட்டால் என்ன ஆகியிருக்கும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

1960இல் கான்பூருக்கும் லக்னோவுக்கும் இடையே தொடங்கிய, ஆபரேட்டர் இல்லாமல் நேரடியாகவே வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. மெல்ல மெல்லத் தெற்கே வந்தது. நாகர்கோவிலுக்கு 04652, மார்த்தாண்டம் பக்கம் 04651. 1984இல் பிறந்த அரசு ஆய்வு நிறுவனமான சி-டாட்டின் எக்ஸ்சேஞ்சுகள் கிராமங்களுக்குப் போயின. வரிசை பலகையை விட்டுத் தெருவுக்கு வந்தது. கட்டணம் குறையும் இரவு நேரத்தில், வளைகுடாவில் இருக்கும் கணவரோடும் மகனோடும் பேச எஸ்.டி.டி. பூத் வாசலில் ஜனம் நின்றது. முன்னால் எத்தனை பேர் என்பதாவது அப்போது கண்ணுக்குத் தெரிந்தது.

இப்போது அதுவும் தெரிவதில்லை. காஸ் பதிவு செய்யவோ, பாங்கில் ஒரு கேள்வி கேட்கவோ கூப்பிட்டால் பாட்டுதான் கேட்கிறது. மறுமுனையில் சூப்பர்வைசரின் திரையில் எத்தனை கால் காத்திருக்கிறது, அதிகபட்சம் எவ்வளவு நேரம், எத்தனை பேர் சலித்து வைத்துவிட்டார்கள் என்று எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும். தொலைபேசி நிறுவனங்களின் சேவை மையங்களுக்குத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்த அளவுகோல், நூற்றுக்கு 95 அழைப்புகளை 90 நொடிக்குள் ஆபரேட்டர் எடுக்க வேண்டும் என்பது. நல்ல விதிதான். ஆனால் மீதி ஐந்து பேர் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அந்த அளவுகோல் கண்டுகொள்ளாது. பழைய மானிட்டர் பார்த்ததோ அடுக்கிலேயே மிகப் பழைய டிக்கெட்டை. வரிசையைக் கவனிப்பதென்றால் அதுதான் சரியான முறை.

2017 நவம்பர் 30ஆம் தேதி ஒக்கி புயல் இந்த மாவட்டத்தைத் தாக்கியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, மின்சாரம் நாள்கணக்கில் இல்லை, செல்போன்கள் செயலிழந்தன. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி ஊர்களில் இருந்து ஆழ்கடலுக்குப் போனவர்களின் வீடுகளில் எல்லோருக்கும் ஒரே கேள்விதான் இருந்தது. அப்படிப்பட்ட ஒரு நாளில் வந்து குவியும் அழைப்புகளுக்கு நூற்றுக்கு 95 என்ற கணக்கு உதவாது. காத்திருக்கும் அந்த ஐந்து பேரில் ஒருத்தி கடலுக்குப் போனவரின் மனைவியாக இருக்கலாம்.

ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழை முடிந்ததும், மாவட்டப் பேரிடர் எண்ணான 1077க்கு வந்த அழைப்புகளில் எத்தனை காத்திருந்தன, அதிகபட்சம் எவ்வளவு நேரம், எத்தனை பேர் பதில் கிடைக்காமலே வைத்துவிட்டார்கள் என்ற மூன்று எண்களையும் மாவட்ட நிர்வாகம் மக்களுக்கு வெளியிட வேண்டும்.