டி லெனரோல்: கொட்டியாரக்குடா வழியாக வந்த ஒரு பிரெஞ்சுப் பெயர்

டி சில்வா, டி சொய்சா என்று கேட்டுப் பழகிய நமது காதுக்கு "டி லெனரோல்" என்பதும் போர்த்துக்கேயப் பெயராகத்தான் படும். ஆனால் அது பிரெஞ்சுப் பெயர். இந்தத் தீவுக்குள் அது நுழைந்த வாசல் நமது கிழக்கு, மூதூருக்கு முன்னால் விரிந்து கிடக்கும் கொட்டியாரக்குடா.

போர்த்துக்கேயப் பெயர்கள் இங்கே பெரும்பாலும் ஞானஸ்நானத்தோடு வந்தவை. பெரேரா என்றால் பேரி மரம், சில்வா என்றால் காடு. அவற்றைச் சூடிய எத்தனையோ குடும்பங்களுக்கு லிஸ்பனோடு இரத்த உறவு எதுவும் கிடையாது. லெனரோலின் கதை வேறு. அது ஓர் ஆளோடு வந்த பெயர்.

பிரெஞ்சு மொழியில் "டி" என்றால் "இன்ன இடத்தைச் சேர்ந்த" என்று பொருள். நிலமுள்ள குடும்பங்கள் தங்கள் காணியின் பெயரைத் தம் பெயரோடு ஒட்டிக்கொள்வது அங்கே வழக்கம். "டி லா நெரோல்" என்பதில் நடுவில் நிற்கும் "லா" பெயரோடு ஒட்டிக்கொண்டு "லெனரோல்" ஆனது.

1672ஆம் ஆண்டு, பதினான்காம் லூயி மன்னனின் கப்பற்படை தளபதி டி லா ஹேயின் தலைமையில் திருகோணமலைக்கு வந்தது. ஒல்லாந்தரை விரட்டுவதற்குத் துணை தேடிக்கொண்டிருந்த கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கன் வந்தவர்களை நன்றாகவே வரவேற்றான். உணவும் அனுப்பினான், கோட்டை கட்ட ஆட்களும் கொடுத்தான். அப்போது மலைநாட்டுக்குத் தூதுவராக அனுப்பப்பட்டவர்தான் லெனரோல்.

அந்தக் காலத்தில் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ஆங்கிலேயர் ராபர்ட் நொக்ஸ் (1660இல் இதே கொட்டியாரத்தில் பிடிபட்டவர்) நடந்ததை எழுதி வைத்திருக்கிறார். தூதுவர் குதிரையை விட்டு இறங்காமலே அரண்மனையைக் கடந்து போனார். கண்டி வழக்கப்படி அது பெரிய அவமரியாதை. அந்நியன், ஊர் வழமை தெரியாதவன் என்று மன்னன் அதைப் பொறுத்துக்கொண்டான். பிறகு ஒருநாள் இரவு, தீவட்டிகள் சூழ, வழியின் இருபுறமும் யானைகள் நிற்க, பேட்டிக்கு அழைத்துச் செல்லப்பட்டார். இரண்டு மணி நேரம் அளவில் காக்க வைக்கப்பட்டதும் பொறுமை இழந்து எழுந்து நடந்துவிட்டார். அதற்குக் கிடைத்தது கசையடியும் கால்விலங்கும். வீரம் இருந்தது, விவேகம் இல்லை என்பது நொக்ஸின் கணிப்பு. எனக்கென்னவோ, வெர்சாய் மன்னனின் ஆள் என்ற மிதப்பு அந்த மனிதரின் கண்ணை மறைத்துவிட்டது என்றே தோன்றுகிறது.

அவரை மீட்கக் கப்பற்படை திரும்பி வரவேயில்லை. அது ஒல்லாந்தருக்கு ஈடுகொடுக்க முடியாமல் சோழமண்டலக் கரைக்குப் போய், அதே ஆண்டு மயிலாப்பூரை அடுத்த சாந்தோமைப் பிடித்தது. 1674இல் அதையும் ஒல்லாந்தரிடம் இழந்தது. நொக்ஸ் 1679இல் தப்பி ஓடினார். லெனரோல் இங்கேயே தங்கிப்போனார்.

அதன் பிறகு நடந்ததுதான் ஆச்சரியம். ஏறத்தாழ இருபது வருடம் கழித்து, 1692இல், கோவாவிலிருந்து வந்த கத்தோலிக்கக் குரு ஜோசப் வாஸ் கண்டிக்குப் போகிறார். அவர் போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசவையில் குற்றஞ்சாட்டியவர் லெனரோல் என்று வாஸின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். லெனரோல் புரட்டஸ்தாந்தர். வாஸ் சிறைக்குப் போனார். விலங்கில் கிடந்த மனிதர், இன்னொருவரை விலங்கில் போடுமளவுக்கு அவையில் செல்வாக்குப் பெற்றுவிட்டார்! அந்த வாஸ் அடிகளார் 2015இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இன்று நமது நாட்டிலுள்ள டி லெனரோல் குடும்பத்தினர் அந்தத் தூதுவரின் வழிவந்தவர்களாகவே தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். அவர்கள் பேசுவது சிங்களம், பெயர் மட்டும் பிரெஞ்சு. சிங்கள அகராதிப் பணியில் உழைத்த அறிஞர் ஒருவரின் பெயர் ஜூலியஸ் டி லெனரோல். யார் இந்த மண்ணுக்குரியவர், யார் வந்தவர் என்ற கேள்வியை அடிக்கடி எதிர்கொள்கிற சமூகம் நாம். அதனால் இந்தப் பெயரைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி ஈடுபாடு வருகிறது.

மூதூர், கிண்ணியாப் பக்கத்து மூத்தவர்களிடம் ஒரு கேள்வி: பரங்கிக் கப்பல்கள் பற்றிய வாய்வழிக் கதை ஏதாவது உங்கள் வீடுகளில் சொல்லப்பட்டதுண்டா? இருந்தால் கீழே எழுதுங்கள்.